பைக் இன்ஜினை வீட்டிலேயே மாற்றலாமா? போல்ட்டைக் கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“அண்ணே, இன்ஜின் மொத்தமா போயிடுச்சு. இதுக்கு வேலை பார்க்கிற காசுல வேற இன்ஜினே மாத்திடலாம்ணே.”

பழைய பைக் வைத்திருக்கும் பலரும் மெக்கானிக்கிடம் ஒருமுறையாவது கேட்ட வசனம் இது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், “நாமளே வீட்டு ஷெட்ல மாத்திடலாமே” என்று ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். யூடியூபில் வீடியோ இருக்கிறது, பழைய மார்க்கெட்டில் இன்ஜின் கிடைக்கிறது. அப்புறம் என்ன?

இன்ஜினை இறக்கி ஏற்றுவது முடியாத காரியம் இல்லை. ஆனால் அந்த இன்ஜினில் குத்தியிருக்கும் நம்பர் உங்கள் ஆர்.சி-யில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போகாவிட்டால், நல்லா ஓடுற வண்டியும் சட்டப்படி சிக்கலான வண்டிதான். வேலை எப்படி, சட்டம் என்ன சொல்கிறது? இரண்டையும் பார்க்கலாம்.

முதலில், இன்ஜினை மாற்றத்தான் வேண்டுமா?

பல நேரங்களில் வேண்டாம் என்பதுதான் பதில்.

ஒரு 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக் நீல நிறத்தில் புகை தள்ளுகிறது, ஆயில் குறைந்துகொண்டே போகிறது என்றால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் அல்லது வால்வு சீல் போயிருக்கும். இதற்கு ஹெட்டையும் பிளாக்கையும் மட்டும் கழற்றிச் செய்யும் ‘ஹாஃப் இன்ஜின்’ வேலை போதும். போர் போடுவது, அல்லது பிளாக் - பிஸ்டன் கிட் புதிதாக மாற்றுவது என்பதோடு முடிந்துவிடும்.

கீழே இருந்து ‘டக் டக்’ என்று கனமாகத் தட்டும் சத்தம் வந்தால் கனெக்டிங் ராடு, கிராங்க் பேரிங் பக்கம் பிரச்சனை இருக்கலாம். அது ‘ஃபுல் இன்ஜின்’ வேலை. செலவு கூடும். ஆனாலும் இன்ஜின் உங்களுடையதாகவே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இன்ஜின் நம்பர் குத்தப்பட்டிருப்பது அடிப்பாகமான கிராங்க்கேஸில். அதனால் பிளாக், பிஸ்டன், ஹெட், கிராங்க், கியர் என எதை மாற்றினாலும் நம்பர் மாறாது. ஆர்.சி-யைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

கிராங்க்கேஸே உடைந்துபோனால்தான் கதை மாறும். விபத்தில் அடிபட்டாலோ, ஓட்டத்தில் செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் சுருண்டு கேஸை உடைத்தாலோ இது நடக்கும். அப்போதுதான் முழு இன்ஜின் மாற்றம் என்ற பேச்சுக்கு அர்த்தம் இருக்கிறது. அப்போதும் புதிய கேஸில் பழைய நம்பரை நீங்களாகவோ லேத்திலோ குத்திக்கொள்ளக் கூடாது. அதற்கும் ஆர்.டி.ஓ அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

எந்த இன்ஜினை எந்த வண்டியில் வைக்கலாம்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம்.

யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-ல் இந்தியாவுக்கு வந்து 1996 வரை தயாரான, 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. இன்றைக்கும் அதன் சத்தத்துக்கே ரசிகர்கள் இருக்கிறார்கள். அதே குடும்பத்தில் பின்னால் வந்த ஆர்எக்ஸ் 135-ன் 132 சிசி இன்ஜினை இதில் ஏற்றுவது இளைஞர்கள் மத்தியில் பிரபலமான வேலை.

ஆனால் ஆர்.சி-யில் 98 சிசி என்று இருக்கும். வண்டியில் இருப்பதோ 132 சிசி. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஆக, ஃப்ரேமில் போல்ட் பொருந்துகிறது என்பதற்காகச் சட்டமும் பொருந்திவிடாது.

அதே கம்பெனி, அதே மாடல், அதே சிசி, அதே எரிபொருள் இன்ஜின் என்றால் முறைப்படி அனுமதி கேட்க வழி இருக்கிறது.

இன்னொரு விஷயம் பிஎஸ்6 வண்டிகள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 விதி வந்துவிட்டது. இந்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. ஃபியூயல் இன்ஜெக்ஷன், இசியூ, சென்சார்கள்தான். இவற்றில் பழைய கார்புரேட்டர் இன்ஜினை வைத்தால் வயரிங் ஒத்துப்போகாது, புகை அளவும் விதிக்குள் நிற்காது.

பழைய இன்ஜின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சென்னை புதுப்பேட்டை என்றாலே பழைய வாகன உதிரி பாகங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கேயோ உங்கள் ஊர் பழைய இரும்புக் கடையிலேயோ இன்ஜின் வாங்குவதில் தவறு இல்லை. ஆனால் இவற்றைப் பாருங்கள்:

* நம்பர்: கிராங்க்கேஸில் இருக்கும் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் கிரைண்டர் பட்ட தடம், புது பெயின்ட், வரிசை கோணலான எழுத்துகள் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

* ஆவணம்: கடையின் பெயர், இன்ஜின் நம்பர் எழுதிய பில், அந்த இன்ஜின் எந்த வண்டியில் இருந்து வந்ததோ அதன் ஆர்.சி நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். பதிவு எண் கிடைத்தால் எம்-பரிவாகன் செயலியில் விவரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

* கம்ப்ரஷன்: பிளக் மாட்டிய நிலையில் கிக்கரைக் கையால் அழுத்தினால் நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். லொடலொட என்று இறங்கினால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

* ஆயில்: கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கருப்பாக இருந்தால் பரவாயில்லை. வெள்ளித் தூள் போல மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது.

* கியர்: ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக்கொண்டே எல்லா கியரும் விழுகிறதா என்று பாருங்கள்.

ஆவணம் இல்லாத இன்ஜின் ஏன் ஆபத்து? அது திருட்டு வண்டியில் இருந்து கழற்றியதாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையிலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-ன் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். “கடையில காசு கொடுத்துதான் சார் வாங்கினேன்” என்பதை நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே துணை அந்த பில்தான்.

வீட்டு ஷெட்டில் வேலை எப்படி நடக்கிறது?

அனுமதி கையில் இருக்கிறது, இன்ஜினும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண 100 சிசி ஏர் கூல்டு பைக்கில் வேலை இந்த வரிசையில் போகும்.

1. போட்டோ: வயர், கேபிள், பைப் எல்லாம் எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். மாட்டும்போது இதுதான் வழிகாட்டி. போல்ட்களை இடம் வாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

2. பாதுகாப்பு: வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அசையாமல் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் காக்கை மூடி, டேங்கைக் கழற்றித் தூரமாக வையுங்கள். பக்கத்தில் விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

3. ஆயில்: இன்ஜின் லேசான சூட்டில் இருக்கும்போது டிரெயின் போல்ட்டைத் திறந்தால் ஆயில் முழுதாக வடியும். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

4. இணைப்புகள்: சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், இடது பக்க கவர், செயின் என வரிசையாகக் கழற்றுங்கள். கியர் லீவர் ஷாஃப்டில் எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கிளட்ச் கேபிள், கார்புரேட்டர், பிளக் கேப், மேக்னெட் வயர் கப்ளர், நியூட்ரல் வயர், செல்ஃப் இருந்தால் அதன் மோட்டார் வயர். கார்புரேட்டர் கழன்ற ஓட்டையை உடனே சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் வாங்கி வந்த இன்ஜின் வீண்.

5. இறக்குவது: இன்ஜினுக்கு அடியில் ஜாக்கியோ மரக்கட்டையோ முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மவுண்டிங் போல்ட்களில் கை வைக்க வேண்டும். இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் நீளமான போல்ட்டைக் கடைசியாக உருவ வேண்டும். போல்ட் இறுகியிருந்தால் சுத்தியலால் அடித்து மரையைக் கெடுக்காதீர்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

6. ஏற்றுவது: எல்லா மவுண்டிங் போல்ட்டையும் கையால் பாதி வரை ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே முழுசாக இறுக்கினால் மற்ற துளைகள் நேராக வராது. வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவது நல்லது. குறைந்தால் அதிர்வு, கூடினால் மரை போய்விடும். சைலன்சர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். செயின் தொய்வையும் கிளட்ச் லீவர் ‘ப்ளே’யையும் மேனுவல்படி சரிசெய்யுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் முன்...

புது ஆயில் ஊற்றாமல் கிக்கரைத் தொடாதீர்கள். சந்தோஷத்தில் இதை மறந்து இன்ஜினை ஜாம் ஆக்கியவர்கள் உண்டு. ஆயில் ஊற்றியபின் சாவி ஆஃப் நிலையில், நியூட்ரலில் பத்து இருபது தடவை கிக்கரை மிதித்தால் ஆயில் உள்ளே பரவும். டூ ஸ்ட்ரோக் என்றால் 2டி ஆயிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே எடுத்துவிடும். வண்டியை வெளியே தள்ளி வந்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

சில நிமிடம் ஓடிய பிறகு அணைத்து, ஆயில் அளவு, கசிவு, போல்ட் இறுக்கம் மூன்றையும் மறுபடி பாருங்கள். முதல் ஓட்டம் தெருவுக்குள் மெதுவாக. பிரேக்கையும் சோதித்துவிட்டுத்தான் மெயின் ரோடு.

ஆர்.சி, இன்சூரன்ஸ்: விட்டால் என்ன ஆகும்?

முறை இதுதான். மாற்றும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து, புதிய இன்ஜின் நம்பரை ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இன்ஜின் பில் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை.

செய்யாவிட்டால்? விதிகளுக்கு முரணான மாற்றத்துக்கு, சட்டப்பிரிவு 182ஏ(4)-ன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சொந்த உபயோக பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் முதலில் பார்ப்பது சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான். ஒத்துவராவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். வண்டியை விற்கும்போதும் இதே சிக்கல்.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் சீரியஸ். விபத்து நடந்தபின் வரும் சர்வேயர் இன்ஜின் நம்பரைப் பாலிசியோடு ஒப்பிடுவார். நம்பர் வேறு என்றால் கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு இருக்கிறது. அந்த வண்டியை நம்பித்தான் டெலிவரி வேலைக்கோ பால் வியாபாரத்துக்கோ போகிறீர்கள் என்றால், ஒரு விபத்து மொத்தக் குடும்பத்தையும் கடனில் தள்ளிவிடும். அதனால் ஆர்.சி மாறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்து, பாலிசியில் புதிய நம்பரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் ஹாஃப் இன்ஜின் வேலையில் சரியாகுமா என்று பாருங்கள். ஆகாது என்றால் அதே மாடல் இன்ஜினை பில்லோடு வாங்குங்கள். ஆர்.டி.ஓ அனுமதி வந்தபிறகு ஸ்பேனரை எடுங்கள். கழற்றி மாட்டுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஆனால் ஆர்.சி-யில் நம்பர் ஏறும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.