இயந்திரத்தின் சொல்லும் பிள்ளையின் சொல்லும்



ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கிறது கெலாங் பாத்தா. மலாய்மொழியில் அந்தப் பெயருக்கு உடைந்த வளையல் என்று பொருள். தோட்டங்களுக்கும் மீனவர் கிராமங்களுக்கும் நடுவே கிடந்த சிற்றூர் அது. 1998ஆம் ஆண்டில் தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து சிங்கப்பூரின் துவாஸுக்கு இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபின் அந்த வட்டாரத்தின் வாழ்க்கை முறையே மாறிற்று. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர் இருட்டிய பிறகே வீடு திரும்புகின்றனர். பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்குப் பாடத்தில் ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது? கையிலிருக்கும் தொலைபேசியைத்தான் கேட்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் அதற்குள் வந்து குடியேறிவிட்டது.

பிள்ளை கேட்டது குற்றம் என்று நாம் சொல்லப்போவதில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத நேரத்தில் அது ஓர் உதவிதான். நாம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தாத பிள்ளையையும் அது பாதிக்கக்கூடும். அது எப்படி?

ஒரு மாணவியை மனத்தில் வைத்துக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். ஆங்கிலம் அவளுக்கு மூன்றாவது மொழி. இரவெல்லாம் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த எளிய சொற்களைக் கொண்டு, இலக்கணப் பிழை வராமல் ஒரு கட்டுரை எழுதுகிறாள். ஆசிரியர் அதைக் கண்டுபிடிப்புக் கருவி ஒன்றில் இட்டுப் பார்க்கிறார். "இது இயந்திரம் எழுதியது" என்கிறது கருவி. அந்தப் பிள்ளை தன்னை எவ்வாறு மெய்ப்பித்துக்கொள்ளும்?

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தம் கையாலேயே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகளை அக்கருவிகள் இயந்திரத்தின் எழுத்து என்று முத்திரை குத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ ஏறத்தாழ முழுவதும் சரியாக அடையாளம் கண்டன.

காரணம் என்ன? ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அக்கருவிகள் பார்க்கின்றன. எளிதில் ஊகிக்க முடிந்தால் இயந்திரம். எதிர்பாராத சொற்கள் விழுந்தால் மனிதர். ஆனால், அயல்மொழியைக் கற்றுக்கொள்பவர் பழகிய சொற்களையும் பழகிய வாக்கியங்களையும்தானே கையாள்வார்? ஆகவே, ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக எழுதிய பிள்ளையே அகப்பட்டுக்கொள்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட இத்தகைய கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. செய்தவரே கைவிட்ட ஒரு வேலையைப் பள்ளிக்கூடம் நம்புவது சரிதானா என்று நாம் கேட்கலாம்.

இயந்திரக் கணக்கு பிள்ளைகளின் தலைவிதியைத் தீர்மானித்தால் என்ன நேரும் என்பதை இங்கிலாந்து 2020இல் கண்டது. கோவிட் நோயால் ஏ லெவல் தேர்வுகள் நடைபெறவில்லை. ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளை ஒரு கணக்கு முறை திருத்தியது. இன்று நாம் பேசும் செயற்கை நுண்ணறிவு அன்று அது. எனினும் பாடம் ஒன்றே. ஒவ்வொரு பள்ளியும் முந்தைய ஆண்டுகளில் பெற்ற தேர்ச்சியைப் பார்த்து அந்தக் கணக்கு தரம் வழங்கிற்று. ஆசிரியர் தந்த தரங்களில் ஏறக்குறைய 39 விழுக்காடு குறைக்கப்பட்டன. மாணவர் மிகக் குறைவான வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியரின் மதிப்பீடே நிலைத்தது. அத்தகைய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்டு 13இல் வெளியான முடிவுகளை 17ஆம் நாளே அரசு திரும்பப் பெற்றது. தோட்டப்புறப் பள்ளியிலிருந்து வரும் கெட்டிக்காரப் பிள்ளையை, அப்பள்ளியின் பழைய தேர்ச்சி விகிதத்தை வைத்து அளந்தால் எப்படியிருக்கும் என்பதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நெறிகள் இல்லாமல் இல்லை. யுனெஸ்கோ 2021இல் செயற்கை நுண்ணறிவின் அறநெறி பற்றிய பரிந்துரையை ஏற்றது. வகுப்பறையில் இவற்றைத் தாமாகப் பயன்படுத்த 13 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்று அது 2023இல் வெளியிட்ட வழிகாட்டி கருதுகிறது. நம் நாட்டிலும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பரில் ஏழு கோட்பாடுகளைக் கொண்ட தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. நியாயம், அந்தரங்கப் பாதுகாப்பு, பொறுப்புடைமை முதலியன அவற்றுள் அடங்கும். நல்ல சொற்கள்தாம். ஆனால், நான்காம் படிவ மாணவியின் கட்டுரை வரை அவை இறங்கி வர வேண்டுமே!

அதற்குப் பள்ளியளவில் எழுதப்பட்ட விதி வேண்டும் என்பது நம் கருத்து. கருவியின் சொல்லை மட்டும் சான்றாகக் கொண்டு எந்தப் பிள்ளையையும் தண்டிக்கலாகாது. ஐயமிருந்தால் ஆசிரியர் பிள்ளையை அருகில் அழைத்து, "இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்கட்டும். தானே எழுதிய பிள்ளைக்குத் தான் சொல்ல வந்தது தெரியாமலா போகும்? முதல் எழுத்துப்படியைக் காட்டவும், முடிவை எதிர்த்துத் தலைமையாசிரியரிடம் முறையிடவும் அதற்கு வழியிருக்க வேண்டும். பிள்ளையின் பெயர், அடையாள அட்டை எண், படம் ஆகியவற்றை இத்தகைய கருவிகளில் இடக்கூடாது. வீட்டில் இணைய வசதியில்லாத பிள்ளைக்கு இந்த இயந்திரத்தை வைத்துச் செய்யும் வீட்டுப்பாடம் தரலாகாது. ஆசிரியரும் புள்ளியிட இதன் துணையை நாடினால், அதை மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். நாற்பது கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியரின் சுமை நமக்குத் தெரியாததன்று. ஆனாலும் விதி இருபக்கமும் பொருந்தினால்தானே அது விதி?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் இதை எழுப்பலாம். "என் பிள்ளையின் எழுத்தை எந்தக் கருவி சோதிக்கிறது? அது தவறினால் யாரிடம் வரவேண்டும்?" இந்த இரண்டு கேள்விகள் போதும், கணினி அறிவு தேவையில்லை. கூட்டத்தை மட்டும் வேலைநாளில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால், பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் பெற்றோரும் வந்து கேட்க முடியும்.