ஒரு வாரத் தொண்டு

அமெரிக்க சர்ச் குழுக்கள் ஆண்டுதோறும் ஏழை நாட்டுக் கிராமங்களுக்குப் போய் வீடு கட்டுகின்றன, மருந்து கொடுக்கின்றன. பலன் யாருக்கு என்று ஹோண்டுராஸில் கணக்குப் பார்த்தபோது கணக்கு உதைத்தது.

வந்தவர்கள் 18 பேர். எல்லோரும் அமெரிக்க மாணவர்கள். வசந்தகால விடுமுறையில் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸுக்கு விமானத்தில் வந்து இறங்கினார்கள். ஓர் அனாதை இல்லத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். விளையாட்டு மைதானத்தைச் சுத்தம் செய்தார்கள். குழந்தைகளோடு விளையாடினார்கள். வந்தவர்களுக்கு மகிழ்ச்சி, குழந்தைகளுக்கும் மகிழ்ச்சி. இல்லத்தின் ஊழியர் ஒருவருக்கு மட்டும் ஓர் ஆதங்கம். இந்த ஒரு வாரப் பயணத்துக்காக மாணவர்கள் திரட்டிய தொகை 25,000 டாலர். இல்லத்தின் ஓராண்டு பட்ஜெட்டோ 45,000 டாலர். இல்லத்தின் ஓராண்டு பட்ஜெட்டில் பாதிக்கும் மேற்பட்ட தொகை இந்த ஒரு பயணத்துக்கே போயிற்று.

ஹோண்டுராஸில் பல ஆண்டுகள் வசித்துப் பணியாற்றிவந்த அமெரிக்கரான ஜோ ஆன் வான் எங்கன் 2000ல் எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டார். அவர் மதத்துக்கு எதிரானவர் அல்ல. தாமும் ஒரு கிறிஸ்தவர்தான். அதனாலேயே அவர் எழுப்பிய கேள்வி சர்ச்சுகளின் உள்ளே போய்த் தைத்தது.

ஏனென்றால் இது ஏதோ 18 மாணவர்களின் கதை அல்ல. அமெரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடுகளுக்குக் குறுகிய கால மிஷன் பயணம் போகிறார்கள் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ, 2005ம் ஆண்டு நடத்திய ஒரு சர்வேயின் அடிப்படையில் மதிப்பிட்டார். தங்கும் காலம் சராசரியாக எட்டு நாள். மெக்சிகோ, குவாதமாலா, ஹோண்டுராஸ், ஹைதி என்று பக்கத்து ஏழை நாடுகளுக்கே பெரும்பாலோர் போகிறார்கள்.

பயணத்தின் நடைமுறை ஏறக்குறைய எல்லா சர்ச்சுகளிலும் ஒரே மாதிரிதான். பத்து முதல் இருபது பேர் கொண்ட குழு சேரும். உறவினர்களுக்கும் சபையாருக்கும் நன்கொடை கேட்டுக் கடிதம் போகும். பையன்களும் பெண்களும் கார் கழுவிக் காசு சேர்ப்பார்கள். ஒரே நிறத்தில், சபையின் பெயர் அச்சிட்ட பனியன்கள் தயாராகும். பெட்டிகளில் மருந்து, பழைய துணி, கிரேயான் பென்சில்கள். போய் இறங்கியதும் பஸ்ஸில் கிராமத்துக்கு. நான்கைந்து நாள் செங்கல் சுமப்பார்கள், சாந்து குழைப்பார்கள், குழந்தைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவார்கள். கடைசி நாள் கடற்கரை அல்லது கடைவீதி. ஊர் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லிப் படங்களைக் காட்டுவார்கள். ‘கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம்’ என்பதுதான் பெரும்பாலான சாட்சிகளின் சாரம்.

அது வெறும் அடக்கமாக இல்லாமல் அப்படியே உண்மையாக இருந்துவிட்டால்? இதைத்தான் சோதித்துப் பார்த்தார் கர்ட் வெர் பீக். இவர் ஜோ ஆனின் கணவர், அமெரிக்காவின் கால்வின் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர், ஹோண்டுராஸிலேயே குடியிருந்தவர். 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. 5,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைச்சரிவுக் கிராமங்கள் சேற்றோடு போயின. வீடு கட்டித்தர வட அமெரிக்காவிலிருந்து சர்ச் குழுக்கள் வரிசையாக வந்தன. அதே சமயம் உள்ளூர் ஆட்களைக் கொண்டும் அதே மாதிரி வீடுகள் கட்டப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

வெர் பீக் இரண்டு வகை வீடுகளிலும் குடியிருந்த ஹோண்டுராஸ் மக்கள் 78 பேரைப் பேட்டி கண்டார். கட்டிவிட்டுப் போன வட அமெரிக்கர்கள் 127 பேர் அவருடைய கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பினார்கள். 2006ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இதுதான்: வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருப்பவருக்கும் உள்ளூர்க் கொத்தனார் கட்டிய வீட்டில் இருப்பவருக்கும் வாழ்க்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. கிராமத்தார் விருந்தாளிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய அன்பு பிடித்திருந்தது என்றார்கள். ஆனால் ஒரு வீடு கட்ட ஆன செலவு சுமார் 2,000 டாலர். ஒரு குழு வந்துபோக ஆன செலவு சுமார் 30,000 டாலர். பயணப் பணத்தை அப்படியே அனுப்பியிருந்தால் இன்னும் 15 குடும்பங்களுக்குக் கூரை கிடைத்திருக்கும். சூறாவளியில் வேலையிழந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கூலியும் கிடைத்திருக்கும்.

இந்த வாதத்துக்கு சர்ச் தலைவர்கள் வைத்திருக்கும் பதில் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. தன் பேரன் போகிறான் என்பதற்காகத்தான் பாட்டி 100 டாலர் தருகிறாள். பேரன் போகாவிட்டால் அந்தப் பணம் ஹோண்டுராஸுக்குப் போகாது, பாட்டியின் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். தவிர, ஒருமுறை ஏழ்மையை நேரில் பார்த்தவன் வாழ்நாள் முழுவதும் தாராளமாகக் கொடுப்பான், ஜெபிப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. வெர் பீக் இதையும் விட்டுவைக்கவில்லை. பயணத்துக்குப் பிறகு அதிகமாக நன்கொடை கொடுத்ததாகப் பலர் எழுதியிருந்தார்கள். பயணங்களை ஏற்பாடு செய்த நிவாரண அமைப்பின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த அளவுக்கு வரவு இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதில்லை. ஊர் திரும்பியபோது இருந்த உருக்கம் சில மாதங்களில் கரைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கட்டட வேலையில் நஷ்டம் பணத்தோடு போகிறது. மருத்துவத்தில் விஷயம் இன்னும் சிக்கல். ‘பிரிகாடா’ என்று ஹோண்டுராஸ்காரர்கள் சொல்லும் மருத்துவ முகாமுக்குக் கிராமமே திரண்டு வரும். குடற்புழு மாத்திரை, வைட்டமின், மூக்குக் கண்ணாடி கிடைக்கும். உதடு பிளந்த குழந்தைக்கோ கண்புரை விழுந்த கிழவருக்கோ அறுவை சிகிச்சை செய்யும் நிபுணர் குழு வந்தால் ஒரே வாரத்தில் ஒரு வாழ்க்கையே மாறிவிடும். அந்த உதவிக்கு ஈடு இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை வாங்கிய பெண்மணி, இரண்டாவது மாதம் என்ன செய்வாள்? அவள் மொழி தெரியாத டாக்டர் அதற்குள் தன் ஊரில் இருப்பார்.

மொழிதான் பழைய மிஷனரிக்கும் புதிய பயணிக்கும் உள்ள பெரிய இடைவெளி. 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அங்கேயே 1719ல் மண்ணோடு மண்ணானார். 1838ல் சென்னைக்கு வந்த கால்டுவெல் அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ் மண்ணில் வாழ்ந்தார். மிஷனரிகளின் மதமாற்ற நோக்கத்தைக் கண்டித்தவர்கள்கூட அவர்களது மொழிப் புலமையை மறுத்ததில்லை. ஜெட் விமானம் வந்ததும் நிலைமை மாறியது. 1957 கோடையில் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்க மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோவுக்குப் போய் கிறிஸ்தவப் புத்தகங்கள் விநியோகித்தார். 1960ல் லோரன் கன்னிங்ஹாம் இளைஞர்களைக் குறுகிய காலத்துக்கு அனுப்பும் ‘யூத் வித் எ மிஷன்’ அமைப்பைத் தொடங்கினார். ஆயுள் முழுவதும் செய்த ஊழியம் விடுமுறைக்குள் அடங்கத் தொடங்கியது.

எதிர்ப்பும் கூடவே பிறந்தது. மெக்சிகோவில் வாழ்ந்த கத்தோலிக்கப் பாதிரியாரும் சிந்தனையாளருமான இவான் இல்லிச், கோடைக்காலத்தில் கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் 1968ல் முகத்துக்கு நேரே சொன்னார்: பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு மட்டும் வராதீர்கள். நல்ல எண்ணம் இருப்பதனாலேயே ஒருவரது செயல் நல்லதாகிவிடாது என்பது அவர் கட்சி.

நல்ல எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹைதி உதாரணம். 2010 ஜனவரி 12ம் தேதி பூகம்பம் அந்நாட்டைச் சிதைத்தது. அதே மாதம் 29ம் தேதி, 33 குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டொமினிகன் குடியரசுக்குள் நுழைய முயன்ற பத்து அமெரிக்கர்கள் எல்லையில் கைதானார்கள். பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்து பாப்டிஸ்ட் சர்ச்சுகளைச் சேர்ந்தவர்கள். உரிய ஆவணங்கள் அவர்களிடம் இல்லை. அனாதைகளைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்றார்கள். விசாரித்தால், எல்லாக் குழந்தைகளுக்கும் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பிள்ளைக்குப் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பித் தாங்களே கையில் ஒப்படைத்த ஏழைகள் அவர்கள். ஒன்பது பேர் விடுவிக்கப்பட்டனர். சட்டவிரோதப் பயண ஏற்பாடு செய்ததாகக் குழுத் தலைவி மீதான குற்றம் நிரூபணமாயிற்று. சிறையில் கழித்த நாட்களே தண்டனையாகக் கொள்ளப்பட்டு மே மாதம் அவரும் வெளியே வந்தார்.

சில சமயம் விலையைப் பயணிகளே கொடுக்க நேரிடுகிறது. 2007 ஜூலையில் தென் கொரியாவின் சேம்முல் சர்ச்சைச் சேர்ந்த குழு ஒன்று சேவைக்காக ஆப்கானிஸ்தானுக்குப் போனது. ஆப்கன் பயணம் ஆபத்து என்று எச்சரிக்கும் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று விமான நிலையத்தில் படம் எடுத்துக்கொண்டார்கள். கந்தஹார் போகும் வழியில் கஜ்னி மாகாணத்தில் 23 பேரை பஸ்ஸோடு தாலிபான்கள் பிடித்தார்கள். குழுவின் பாதிரியார் பே ஹியோங்-க்யூ தமது 42வது பிறந்த நாளன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாளில் இன்னொருவரும் பலியானார். ஆறு வாரத்துக்குப் பின் மற்றவர்கள் மீட்கப்பட்டபோது, தன் படைகளை ஆண்டு இறுதிக்குள் திரும்பப் பெறுவதாகவும் ஆப்கானிஸ்தானில் கொரிய மிஷனரிப் பணியை நிறுத்துவதாகவும் சோல் அரசு தாலிபான்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. ஊர் திரும்பியவர்களை வரவேற்றது அனுதாபம் மட்டுமல்ல, ஆத்திரமும்தான். விமான நிலையத்தில் அவர்கள் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பயணங்கள் நிற்கவில்லை. 2020ல் கொரோனா நிறுத்தி வைத்தது, பிறகு மறுபடி தொடங்கின. ஆனால் சர்ச்சுகளின் உள்ளேயே சுயவிமர்சனம் வளர்ந்தது. அமெரிக்காவில் 2003ல் இத்தகைய பயணங்களுக்கென்றே நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. ஸ்டீவ் கார்பெட், பிரையன் ஃபிக்கர்ட் என்ற இரண்டு கிறிஸ்தவப் பேராசிரியர்கள், உதவி எப்போது உபத்திரவமாகிறது என்று விளக்கி 2009ல் எழுதிய புத்தகம் பல சபைகளில் பாடநூலைப் போலப் படிக்கப்பட்டது. அட்லாண்டாவில் நீண்ட காலம் ஏழைகளிடையே பணியாற்றிய ராபர்ட் லப்டன், மெக்சிகோவில் ஒரே கோடையில் ஒரு சர்ச்சுக்கு ஆறு குழுக்கள் ஆறு முறை பெயின்ட் அடித்த கதையை 2011ல் எழுதினார்.

இவர்கள் சொல்லும் யோசனைகளில் அதிசயம் எதுவும் இல்லை. அழைத்தால் போங்கள். உள்ளூர்க்காரர் செய்யக்கூடிய வேலையை நீங்கள் செய்யாதீர்கள். வருடத்துக்கு ஒரு நாடு என்று பறக்காமல் ஒரே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். எது தேவை என்பதைக் கிராமம் சொல்லட்டும். குழந்தைகளோடு ஒட்டிப் பழகி ஒரு வாரத்தில் பிய்த்துக்கொண்டு போகாதீர்கள். முக்கியமாக, கற்றுக்கொள்ளப் போகிறோம் என்றால் அப்படியே சொல்லுங்கள், அதைத் தொண்டு என்று அழைக்காதீர்கள்.

வெர் பீக் தம்பதி வேறொரு வழியையும் காட்டினார்கள். மிட்ச் வீசிய அதே 1998ல், ஹோண்டுராஸ் நண்பர்களோடு சேர்ந்து, நீதியான சமூகத்துக்காகப் பாடுபடும் ஒரு கிறிஸ்தவ அமைப்பை அங்கே தொடங்கினார்கள். அதில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அந்நாட்டு வக்கீல்கள், புலனாய்வாளர்கள், பத்திரிகையாளர்கள். நிலப் பட்டா, கூலி பாக்கி, ஊழல் ஆகியவைதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினைகள். ஏழைக்கு வீடு இல்லாமல் போவதற்கான காரணங்களும் பெரும்பாலும் இவைதான்.

அந்த அமைப்பின் வக்கீல்களில் ஒருவர் தியோனிசியோ தியாஸ் கார்சியா. செக்யூரிட்டி கம்பெனிகளில் வேலை பார்த்த காவலாளிகளுக்குச் சேரவேண்டிய ஊதியத்துக்காக வாதாடி வந்தார். 2006 டிசம்பர் 4ம் தேதி தலைநகர் தெகுசிகல்பாவில், கோர்ட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த அவரை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஓர் அமெரிக்கக் குழு வந்துபோகும் செலவில் இப்படி ஒரு வக்கீலுக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கலாம் என்பதை எந்த சர்ச்சும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் வேலைக்கு விடுமுறையில் வந்து கைகொடுக்க முடியாது. அதில் படம் எடுத்துக் காட்டவும் எதுவும் இல்லை.