மேளக்கச்சேரியில் ஒரு பென்சில்

பக்கவாதம் கண்டு எங்கள் நரம்பியல் பிரிவில் சேர்வோர் நினைவு தெளிந்ததும் முதலில் கேட்பது, "மறுபடியும் நடப்பேனா?" என்பதே. கையைப் பற்றிய கேள்வி சில நாள் கழித்துத்தான் வரும். நடை பெரும்பாலும் முன்னதாகத் திரும்பும். விரல்களின் நுண்ணிய அசைவு தாமதமாகும். சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகும். அந்த நீண்ட காத்திருப்பில் பயிற்சியைக் கைவிடாதிருப்பது எப்படி என்பதை எங்களுக்கு ஒரு நோயாளியே கற்பித்தார். அவர் இசைவுடன் இதை எழுதுகிறோம்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் அவர். மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பால் அவருடைய வலக்கை செயலிழந்தது, பேச்சும் குழறியது. ரப்பர்ப் பந்தை அழுத்தவும், மரக்கட்டைகளை எடுத்து அடுக்கவும் சொன்னோம். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை' என்று அவருடைய குறிப்பேட்டில் எழுதினோம். அந்தக் கை அதுவரை என்ன செய்துவந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

கேட்காமலே சொன்னவர் அவருடைய மகள். ஒரு பழைய வரைதாள் ஏட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்தார். ஊர்த் திருவிழாக்களில் வாசித்த நாதசுவர, தவில் கலைஞர்களைக் கச்சேரி நடக்கும்போதே எதிரில் அமர்ந்து அவர் வரைந்த படங்கள் அவை. ஒவ்வொரு தாளிலும் நாலைந்து அரைகுறை உருவங்கள் இருந்தன. "எதையும் ஏன் முடிக்கவில்லை?" என்று அவரிடம் கேட்டோம். நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "வாசிக்கிறவர் நமக்காக அசையாமல் இருப்பாரா? ஒரு நிலை கலைந்தால் அதை அப்படியே விட்டுப் பக்கத்தில் அடுத்ததைத் தொடங்க வேண்டும். பழைய நிலை திரும்பி வரும், டாக்டர். அப்போது விட்ட கோட்டைத் தொடரலாம்."

மேளக்கச்சேரியைக் கவனித்தவர்களுக்கு இதன் உண்மை புரியும். தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடுகள், இடக்கையில் கழி. தீர்மானம் வைக்கும்போதெல்லாம் அவர் தோள் ஒரே விதமாகச் சாயும். நாதசுவரக்காரர் மேல்ஸ்தாயியை எட்டும்போதெல்லாம் புருவம் ஒரே விதமாக உயரும். வரைபவர் அந்தத் திரும்பலுக்காகக் காத்திருக்கிறார்.

பாதிப்புற்ற மூளை கற்பதும் இவ்வாறே. பொருளுள்ள ஒரு செயலைப் பன்முறை திரும்பச் செய்யும்போது, பிழைத்திருக்கும் நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை உருவாக்குகின்றன. முதல் மூன்று மாதங்களில் இந்த முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின்னரும் மெதுவாகத் தொடரும். பந்தை அழுத்துவது தவறான பயிற்சியன்று. ஆனால், மறுநாளும் செய்ய வேண்டும் என்ற விருப்பத்தை அது அவருக்குத் தரவில்லை.

பயிற்சியை மாற்றினோம். இயன்முறை மருத்துவர் ஒரு 6பி பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கினார். சாய்வுப் பலகையில் தாளை ஒட்டி, முதலில் தோளிலிருந்து பெரிய வளைவுகளை மட்டும் போடச் செய்தோம். விரல்கள் பின்னர் வந்து சேர்ந்தன.

நான்காம் மாதம் ஊர்த் திருவிழா வந்தது. கோயில் மண்டபத்தில் தூண் ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்தார். வலக்கையால் பத்து நிமிடம் வரைந்தார். கை ஓய்ந்ததும் பென்சிலை இடக்கைக்கு மாற்றினார். கோடுகள் நடுங்கின. தவில் கோணலாக வந்தது. கச்சேரி முடிந்து எட்டிப் பார்த்த தவில்காரர், "தோள் மட்டும் என்னுடையதேதான், ஐயா" என்றாராம். அதை எங்களிடம் சொன்னபோது ஆசிரியரின் பேச்சு வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது.

முழுக் குணம் என்று இதைச் சொல்ல மாட்டோம். இன்றும் சட்டைப் பொத்தானை மகள்தான் போட்டுவிடுகிறார். ஆனால் கரண்டி பிடிக்கிறார்; கையெழுத்திடுகிறார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு ஆனந்த விகடனில் ஓவியம் தீட்டிய கோபுலு (1924–2015), பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகியதை அடிக்கடி நினைவூட்டுவார். இடக்கை உதவட்டும், ஆனால் வலக்கைக்கும் நாள்தோறும் அதன் முறை கிடைக்க வேண்டும் என்று நாங்கள் நினைவூட்டுவோம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இவ்வாறு தொடங்க விரும்பினால் சில சொற்கள். கைப்பிடியுள்ள நாற்காலியில், கூட்ட நெரிசலுக்கு விலகி அமரச் செய்யுங்கள். கை சோர்ந்தால் நிறுத்துங்கள். மருந்து வேளை தவற வேண்டாம். திடீரென முகம் கோணினாலோ, கை மேலும் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கச்சேரி முடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

எங்கள் பிரிவின் குறிப்பேட்டில் இப்போது முதல் நாளே ஒரு கேள்வி இடம்பெறுகிறது: 'இந்தக் கை என்ன செய்துவந்தது?' பூத் தொடுத்தது, வீணை மீட்டியது, தறி நெய்தது, பரோட்டா வீசியது என்று எதுவாயினும் சொல்லுங்கள். நோயாளியால் பேச முடியாதபோது, அவருக்காக அந்த விடையைத் தரக்கூடியவர்கள் நீங்கள்தாம்.