பெயருக்குக் காத்திருந்த பெருங்கெண்டை

ஒட்டன்சத்திரம் பக்கத்து நங்காஞ்சி ஆறு பரப்பலாறு அணையில் தேங்கி, வடக்கே போய், காவிரியின் துணையாறான அமராவதியில் கலக்கிறது. அதே அமராவதிக்கு மேற்கே சின்னார் காட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது பாம்பாறு. காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீனுக்கு இந்தப் பாம்பாற்றில்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. அதுதான் கூன்முதுகு மாசீர்.

கெண்டைக் குடும்பத்து மீன் இது. உள்ளங்கை அகலச் செதில், வாயோரம் இரண்டு ஜோடி மீசை, தலைக்குப் பின்னே எழும்பும் மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. 1946-ல் கபினி ஆற்றில், மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் தூண்டிலில் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ எடையுள்ள மாசீர் சிக்கியது.

பசிபிக் கடலின் பெரிய சால்மனும் ஏறக்குறைய இந்த எடைக்கு வளரக்கூடியதுதான். அமெரிக்கர்களுக்கு அது சினூக் அல்லது கிங், கனடாவில் ஸ்பிரிங், நியூசிலாந்தில் க்வின்னாட். 1792-லேயே அதற்கு அறிவியல் பெயரும் வந்துவிட்டது. கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்குத் திரும்பி, ஒரே ஒரு முறை முட்டையிட்டுச் செத்துப்போகும் மீன் அது. நம் மாசீர் ஆற்றைவிட்டு வெளியேறுவதில்லை. மழை வெள்ளத்தில் எதிரேறி, கூழாங்கல் படுகையில் முட்டையிட்டுப் பல ஆண்டுகள் வாழும்.

ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தேடித்தேடிப் பிடித்த மீன் இது. ஆனாலும் எந்த இனம் என்பது முடிவாகவில்லை. பாம்பாற்றில் கிடைத்த சிறிய மாசீர்களைக் குரூப், ராதாகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் புது இனமாக விவரித்து, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரெமா தேவியின் பெயரால் டோர் ரெமாதேவி என்றழைத்தார்கள். நீலகிரியின் மோயாற்றில் பிடித்த கூன்முதுகு மாசீரும் அதுவும் ஒன்றே என்று 2018-ல் இன்னோர் ஆய்வு காட்டியது.

இந்தத் தாமதத்துக்கு நாம் கொடுத்த விலை பெரியது. 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகளைக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் வந்த மீன் பெருகியது, சொந்த மீன் குறைந்தது. இரண்டையும் மாசீர் என்றே எண்ணியதால் ஆற்றில் மீன் நிறைய இருப்பதாகத் தோன்றிற்று. இனம் உறுதியான பிறகே, 2018-ல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள உயிராக அது சேர்ந்தது. இனி அது பிழைக்க வேண்டுமானால் மணலும் கூழாங்கல்லும் ஆற்றிலேயே கிடக்க வேண்டும், வெடி வைத்து மீன் பிடிப்பது நிற்க வேண்டும், வெளியூர்க் குஞ்சுகளை இந்த ஆறுகளில் விடவே கூடாது.