நனைந்த ஓடுபாதை

வானிலிருந்து இறங்கும் விமானம் ஓடுபாதையைத் தொட்டவுடன், பயணம் முடிந்துவிட்டது என்று அதனுள் இருப்போர் எண்ணுவர். விமானிக்கோ கடினமான வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவான வேகத்தில் ஓடும் பொறியை, அளந்து கட்டப்பெற்ற பாதையின் எல்லைக்குள் அவர் நிறுத்தியாக வேண்டும். பாதை மழையில் நனைந்திருப்பின் அவ்வேலை இன்னும் அரிதாகிறது.

பிரேக் என்னும் தடைக்கருவியே விமானத்தை நிறுத்துகிறது எனப் பலர் கருதுகின்றனர். அது நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. விமானத்தை நிறுத்துவது, டயருக்கும் தரைக்கும் இடையே எழும் உராய்வாகும். மழைக்காலத்தில் மிதிவண்டி ஓட்டுவோர் தடைக்கட்டை வழுக்குவதைக் கண்டிருப்பர். அங்குக் கட்டை சக்கரத்தைப் பற்றுவதில்லை. இங்கோ, சக்கரம் தரையைப் பற்றுவதில்லை. ஆகவே, தடைக்கருவி எவ்வளவு வலியதாயினும், தரை தரும் பிடிக்கு மேல் பயன் தராது.

ஓடுபாதையில் நீர் தேங்கியிருந்தால் மற்றொரு தொல்லையும் நேரும். உருளும் டயர் தன் முன்னுள்ள நீரைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டே செல்ல வேண்டும். வேகம் மிகும்போது நீர் விலகுவதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. விலகாத நீர் டயரின் அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதனைத் தூக்கிவிடுகிறது. சக்கரம் தரையை விட்டு நீரின்மேல் மிதந்து செல்கிறது; சில வேளைகளில் சுழல்வதையும் விட்டுவிடுகிறது. இதற்குச் சில மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரே போதும்.

அமெரிக்காவில் லாங்லி ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து, 1963-ஆம் ஆண்டில் எளிய கணக்கு ஒன்றை வெளியிட்டனர். டயரினுள் உள்ள காற்றின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் 144 எனின் வர்க்கமூலம் 12. பெருக்க வருவது 108. மணிக்கு 108 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயர் மிதக்கத் தொடங்கும். இக்கணக்கில் விமானத்தின் எடைக்கு இடமே இல்லை என்பது வியப்பன்றோ? எடை மிகுந்தால் டயர் தரையில் பதியும் பரப்பும் விரிகிறது. ஆதலின் அழுத்தம் பெரிதும் மாறுவதில்லை. சிலரே ஏறிச் செல்லும் சிறு ஜெட் விமானத்துக்கும் நூற்றுக்கணக்கானோரைச் சுமக்கும் பெரு விமானத்துக்கும் விதி ஒன்றே.

நீர் விரைந்து வடிவதற்காகப் பல ஓடுபாதைகளில் குறுக்கே மெல்லிய பள்ளக்கோடுகள் வெட்டப்பட்டுள்ளன. விமானங்களிலும், தரையைத் தொட்டவுடன் இறக்கையின் ஏற்றுவிசையைக் குலைக்கும் மடல்கள் உண்டு. ஏற்றுவிசை குலைந்தால் விமானத்தின் முழு எடையும் சக்கரங்களின்மேல் அழுந்தி, பிடி மிகும்.

2008-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஒவடோன்னா என்னும் ஊரில் ஹாக்கர் 800 என்னும் சிறு ஜெட் விமானம் ஒன்று இறங்கியது. அங்குள்ள ஓடுபாதை 5,500 அடி நீளமுள்ளது, பள்ளக்கோடுகள் இல்லாதது, அன்று மழையால் நனைந்திருந்தது. காற்றும் பின்னிருந்து வீசியது. விமானம் உரிய இடத்தில், உரிய வேகத்தில்தான் தரையைத் தொட்டது. ஆயினும் ஏற்றுவிசையைக் குலைக்கும் மடல்கள் உடனே முழுமையாக விரிக்கப்படவில்லை. பாதையின் முடிவு நெருங்குவதைக் கண்ட தலைமை விமானி, மீண்டும் மேலெழ முயன்றார். விரித்த மடல்களை மடக்கவும், தணிந்திருந்த எஞ்சின்கள் முழு விசை பெறவும் சில நொடிகள் வேண்டும். இழந்த வேகத்தைத் திரும்பப் பெறுவதற்கோ பாதையும் வேண்டும். எஞ்சியிருந்த பாதை அதற்குப் போதவில்லை. விமானம் பாதையைக் கடந்து மேலெழும்பி, நிலைகொள்ளாது வீழ்ந்து நொறுங்கியது. இரு விமானிகளும் பயணிகள் அறுவரும் உயிரிழந்தனர்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு இவ்விபத்தை ஆராய்ந்து, 2011-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. விமானம் மேலெழ முயலாது தரையிலேயே ஓடியிருந்தால், பாதையின் முடிவைத் தாண்டினும், அதற்கப்பால் பாதுகாப்புக்கென விடப்பட்ட வெற்றுநிலத்துக்குள் நின்றிருக்கும் என்பது குழுவின் முடிவாகும். விமானிகளின் களைப்பும், அவர்களிடையே ஒத்துழைப்புக் குறைந்திருந்ததும் அவ்வறிக்கையில் சுட்டப்பட்டன. இறங்கிய விமானம் மீண்டும் எழ முயலக் கூடாத கட்டம் எது என்பதை முன்கூட்டியே வரையறுத்து, விமானிகளுக்கு அதனைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது.