பருந்துக்கும் ஒரு கால அட்டவணை

வீட்டில் ஒரு நல்ல அகராதி இருப்பது போல, பறவைகளைப் பற்றி ஒரு நல்ல களஞ்சியமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எவ்வளவு பயன் என்பதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நான் பறவை நிபுணன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளங்களையும் பாலங்களையும் பார்த்தபடியே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன். ஓய்வு பெற்றபின் டெல்லியிலேயே தங்கிவிட்டேன். மாலை நேரத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே பருந்துகள். அவைதாம் என்னை இந்தக் களஞ்சியத்தின் பக்கம் இழுத்தன.

'பேர்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பறவையியல் ஆய்வகம் 2020-ல் இதை இணையத்தில் தொடங்கியது. ஆனால் அஸ்திவாரம் அதற்கும் முந்தையது. பார்சிலோனாவில் 1992-ல் முதல் தொகுதி வெளியாகி, 2011-க்குள் 16 தொகுதிகளாக வளர்ந்து, 2013-ல் ஒரு சிறப்புத் தொகுதியும் கண்ட உலகப் பறவைகள் கையேடு இதில் அடக்கம். வட அமெரிக்கப் பறவைகளுக்கென்று தனியே எழுதப்பட்ட வரலாறுகளும் இதில் சேர்ந்திருக்கின்றன. உலகில் சுமார் 11,000 பறவை இனங்கள். அவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பக்கம். அத்துடன் படங்கள், குரல் பதிவுகள், பறவை எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடங்கள்.

இது சந்தா கட்டிப் படிக்க வேண்டியது. என் மகள் வேலை பார்க்கும் கல்லூரி சந்தா கட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் கணினியைத் திறந்து வைப்பாள். நானும் பேரனும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொள்வோம்.

எண் ஒன்று, பெயர் பல

முதலில் பெயர் விஷயம். நாம் பருந்து என்கிறோம். இங்கே ஹிந்தியில் 'சீல்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'பிளாக் கைட்', அதாவது கரும்பருந்து. நேரில் பார்த்தால் அது கறுப்பே இல்லை, நல்ல பழுப்பு! இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது விஞ்ஞானப் பெயர். சரக்கு வேகனை ஒவ்வொரு யார்டிலும் ஒவ்வொரு பெயரால் கூப்பிடுவார்கள். ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் எண் எந்த யார்டுக்குப் போனாலும் மாறாது. அது போலத்தான் 'மில்வஸ் மைக்ரன்ஸ்'. மைக்ரன்ஸ் என்றால் இடம் பெயர்வது என்று பொருள். நம் நாட்டில் நிரந்தரமாக வாழும் உள்ளினத்துக்கு மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: 'கோவிந்தா'. 1832-ல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி வைத்த பெயர் அது.

எதிர் வீட்டு மாமி, மாடிக்கு மேலே பருந்து வட்டமிட்டால் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார். "கருடன் வந்துட்டான், நல்ல சகுனம்" என்பார். இரண்டு பறவைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கருடனுக்குத் தலையும் மார்பும் வெள்ளை, உடல் செங்கல் நிறம், வால் நுனி வட்டம். நம் மாடிப் பருந்துக்கு உடல் முழுதும் பழுப்பு. வால் மீன் வால் போலப் பிளவுபட்டிருக்கும். மாமி கவனமாகப் பார்த்தார். பிறகு, "அதான் கோவிந்தான்னு பேர் இருக்கே மாமா, அது போதும்" என்று மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரியில் வந்த வழக்கு

பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்தப் படிப்பு, 2023-ல் ஒரு காரியத்துக்கு உதவியது.

எங்கள் குடியிருப்பின் பின்வாசல் அருகே ஓர் உயரமான யூகலிப்டஸ் மரம். அதில் பருந்து கூடு கட்டியிருந்தது. பிப்ரவரி நடுவில் அது கீழே போகிறவர்கள் தலையைக் குறிவைத்துப் பாயத் தொடங்கியது. பொருள் கொண்டுவந்த பையன் ஒருவனுக்கு நெற்றியில் கீறல், ரத்தம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே பயந்தார்கள். குடியிருப்போர் கூட்டத்தில், "கிளையை வெட்டிவிடுவோம்" என்று பேச்சு வந்தது. இளைஞர் ஒருவர் கைபேசியைப் பார்த்துச் சொன்னார்: "கரும்பருந்து ஏப்ரலில்தான் முட்டையிடுமாம். இது பிப்ரவரி. கூடு காலியாகத்தான் இருக்கும். இப்போதே வெட்டினால் ஒரு பாவமும் இல்லை."

அவர் படித்தது பொய்யில்லை. ஆனால் அது ஐரோப்பாவுக்குரிய மாதம். இந்தப் பறவை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று நான்கு கண்டங்களில் வாழ்கிறது. தெற்கு ரயில்வே கால அட்டவணையை வைத்துக்கொண்டு டெல்லியில் வண்டி பிடிக்க முடியுமா? களஞ்சியத்தில் இனப்பெருக்கம் என்ற பகுதியை எடுத்தால் இடவாரியாக மாதங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வட இந்தியாவில் குளிர்காலத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. என் ஜன்னல் அந்தக் கூட்டுக்குச் சற்று மேலே. பிப்ரவரி முதல் வாரத்திலிருந்தே தாய்ப் பறவை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்து வந்தேன்.

அந்தப் பகுதியிலிருந்து மூன்று கணக்குகளைக் குறித்துக்கொண்டேன். முட்டை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று; அடைகாப்பது சுமார் ஒரு மாதம்; குஞ்சு பறக்க ஆறு முதல் எட்டு வாரம். பறந்த பின்னும் சில வாரங்கள் தாய் தந்தையரே இரை கொடுக்க வேண்டும். ஆக, மார்ச் முதல் பாதியில் குஞ்சு பொரிக்கும், மே தொடக்கத்துக்குள் பறக்கும், ஜூனில் மரம் காலி.

கூட்டத்தில் செயலாளரிடம் இதை எழுதிக் கொடுத்தேன். "பாலத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் டிராஃபிக் பிளாக் கேட்டு வாங்குவோம். நம் வசதிக்கு நினைத்த நேரத்தில் வண்டியை நிறுத்த முடியாது. இதற்கும் ஜூன் மாதம்தான் பிளாக்" என்றேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் வேட்டை என்றே கருதப்படும் என்பதையும் சொன்னேன். தேதி போட்டுச் சொன்னதால் செயலாளர் காது கொடுத்துக் கேட்டார். "எப்போதும் வெட்டாதே" என்று நான் சொல்லியிருந்தால் அன்றே கோடரி வந்திருக்கும்.

பின்வாசலை மூடினோம். கயிறு கட்டி, ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கைப் பலகை வைத்தோம். பெருக்க வரும் அம்மாளுக்கு ஒரு குடை. மரத்தடியில் இருந்த குப்பைத் தொட்டியை வேறு இடத்துக்கு மாற்றினோம்.

மார்ச் 9-ஆம் தேதி, தாய் இரையைக் கிழித்துக் கூட்டுக்குள் ஊட்டுவதை முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு குஞ்சுகள். ஒன்று பதினைந்து நாளில் காணாமற்போயிற்று, காரணம் தெரியவில்லை. பேரன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மற்றது ஏப்ரல் 26 அன்று பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பறந்தது. நாற்பத்தெட்டு நாள்; கணக்குக்குள் வந்துவிட்டது! கிளையை ஜூனில்தான் கழித்தார்கள். பின்வாசலும் திறந்தது.

நம் தலைக்கு மேலே இருப்பவர்கள்

டெல்லிக்கும் பருந்துக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. கலூஷின் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1971-ல் வெளியிட்ட ஆய்வில், இந்நகரில் சுமார் 150 சதுர கிலோமீட்டருக்குள் 2,400 ஜோடிக் கரும்பருந்துகள் என்று கணக்கிட்டார். குளிர்காலத்தில் கூட்டம் இன்னும் பெருகும்; வடக்கிலிருந்து வேறோர் உள்ளினம் வந்து சேரும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் 19 பருந்துகளுக்குச் சிறு கருவி பொருத்தி அவை போகும் பாதையைப் பார்த்தார்கள். 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இமயத்தைத் தாண்டி, கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா வரை 3,300 முதல் 4,800 கிலோமீட்டர் போயின. நாம் விடுமுறைக்கு ஊர் போக வெகு முன்பே ரிசர்வேஷன் தேடுகிறோம். அவற்றுக்கு அந்தக் கவலை இல்லை!

படிக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

பணம் கட்டுமுன், நம் நாட்டுக்கோ பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கோ சலுகை உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு பறவையின் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்க முயன்றால் அலுத்துவிடும். பழுதுபார்க்கும் கையேட்டை யாரும் கதைப் புத்தகம் போலப் படிப்பதில்லை. முதலில் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்குரிய பகுதிக்கு நேரே போங்கள்: அடையாளம், இடப்பெயர்ச்சி, உணவு, குரல், இனப்பெருக்கம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்த நாட்டுக்குரியது என்று பாருங்கள். கட்டுரையை எழுதியவர் பெயரும், அது வெளியான தேதியும் அங்கேயே இருக்கும்; அதையும் பாருங்கள். பிறகு உங்கள் கண்ணால் பார்த்ததோடு ஒப்பிடுங்கள்.

குரல் பதிவை வீட்டுக்குள் கேளுங்கள். கூட்டருகே போய் ஒலிக்கவிட்டால் பறவை கலவரப்படும்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் படிப்பார்கள். படிக்கட்டும். தமிழ்ப் பெயரைச் சொல்வது நம் வேலை. என் பேரன் ஒரு நோட்டில் பறவையின் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் தேதியும் அன்று பார்த்ததும் எழுதிவருகிறான். 'பருந்து, ஏப்ரல் 26, பறந்தது' என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறான்.

உங்கள் குடியிருப்பிலும் இந்த ஆண்டு ஏதாவது ஒரு மரத்தைக் கழிக்கப் பேச்சு வரும். அப்போது, மேலே இருப்பது என்ன பறவை, முட்டையா குஞ்சா, இன்னும் எத்தனை நாள் என்று மூன்றே கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலோடு கூட்டத்துக்குப் போனால், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் பொறுக்க மனிதர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள்.