பரணில் தூங்கும் கண்கள்

போகிப் பண்டிகை நெருங்கினால் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ‘தூக்கி எறி’ கட்சி ஒன்று. ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ கட்சி இன்னொன்று. பரணிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் வாக்குவாதம்தான். ஓட்டைக் கூஜாவும் காது போன வாணலியும் பழைய இரும்புக்காரனிடம் போகட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால் தோல் உறை போட்ட பழைய காமிரா ஒன்று இறங்கினால் மட்டும், சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள்!

“இனிமேல் இதில் யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள்? கைப்பேசிதான் இருக்கிறதே!” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய காமிராக்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மும்பைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் திலீஷ் பாரேக் 4,425 காமிராக்களைச் சேர்த்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். டில்லிக்கு அருகே குருகிராமில் 2019-ல் காமிராக்களுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒன்றைக் காப்பாற்றினால் போதும்!

ஒரு டாலருக்குக் காமிரா

காமிரா வீட்டுக்குள் வந்ததே ஒரு சுவையான கதை. 1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் ‘கோடக்’ காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்கான பிலிம். எடுத்து முடித்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும்! பத்து டாலர் கொடுத்தால் படங்களைப் பிரதி எடுத்து, புதுப் பிலிமும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-ல் ‘பிரௌனி’ என்ற பெட்டிக் காமிரா வந்தது. விலை ஒரே டாலர். அதன் பிறகு குழந்தைகள் கையில்கூடக் காமிரா!

நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் முதல் காமிரா பரோடாவில் தயாரான ‘அக்ஃபா கிளிக்-3’தான். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். பன்னிரண்டே என்பதால், கல்யாணமோ சுற்றுலாவோ, யாரை எடுப்பது, யாரை விடுவது என்று வீடே கூடி யோசிக்கும். பிலிம் செய்ய நம் உதகமண்டலத்திலேயே, 1960-ல் தொடங்கிய ‘இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்’ என்ற அரசாங்கத் தொழிற்சாலை இருந்தது. இன்று அது இயங்கவில்லை.

இரண்டு பெண்மணிகள்

காமிரா ஆண்களின் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் பிறந்தவர். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ரோலிஃப்ளெக்ஸ் காமிராவும் கையுமாக டில்லியில் சுழன்றவர். 1947 ஆகஸ்ட் 16-ல் செங்கோட்டையில் கொடி ஏறிய காட்சியைப் படம் பிடித்தார். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார். அடுத்த வருஷம் காலமானார்.

இன்னொருவர் அமெரிக்காவின் விவியன் மேயர். சிகாகோ நகரில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து படம் எடுத்தார், யாருக்கும் காட்டவில்லை. கிடங்கில் போட்டிருந்த சாமான்களுக்கு வாடகை பாக்கி என்று 2007-ல் ஏலம் போட்டார்கள். பெட்டிகளைத் திறந்தவர்கள் அசந்துவிட்டார்கள்! ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்கள். கழுவவே கழுவாத சுருள்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2009-ல் அவர் காலமானார். உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கியது அதற்குப் பின்புதான்.

அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்!

அதனால்தான் சொல்கிறேன், பரணிலிருந்து இறங்கும் காமிராவை ‘டக்’கென்று திறக்கக் கூடாது. உள்ளே பிலிம் இருந்தால், வெளிச்சம் பட்ட அந்த நொடியிலேயே படம் போய்விடும். இன்று நம்மோடு இல்லாத ஒருவர் அதில் சிரித்துக்கொண்டு நிற்கலாம் அல்லவா?

கிளிக்-3 போன்ற காமிராவின் முதுகில் சிவப்பு ஜன்னல் இருக்கும். அதில் காகிதமோ எண்ணோ தெரிந்தால் உள்ளே பிலிம் உண்டு. கடைசிவரை சுற்றிவிட்டு, நிழலில் திறந்து எடுத்து, சுருள் அவிழாமல் ஒட்டிவிடுங்கள். சிறிய டப்பிப் பிலிம் போடும் காமிராவானால், திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறியின் பக்கம் மெதுவாகத் திருகுங்கள். கை தடைபட்டால் பிலிம் இருக்கிறது. முழுவதும் டப்பிக்குள் சுற்றிய பிறகே திறக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கும்மிருட்டில் திறப்பதே உத்தமம். பழைய கறுப்பு-வெள்ளைப் பிலிமில் மங்கலாகவாவது உருவம் கிடைப்பதுண்டு. கழுவித் தருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அலமாரியில் வைக்கும் முறை

காமிராவின் முதல் எதிரி ஈரம். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸில் பூசணம் படரும். ஆகவே உறையைத் தனியாக வையுங்கள். கண்ணாடி அலமாரியில், மாத்திரை டப்பாக்களில் வருகிறதே, அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் சிலவற்றைப் போட்டு வையுங்கள். பூசணம் பிடித்த காமிராவை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். பாட்டரி உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். கசிந்து உலோகத்தை அரித்துவிடும். லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைக்கக் கூடாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல் இதற்கும் விட்டுவிடாதீர்கள்! நேர் வெயிலும் ஆகாது.

காமிராவை வெறுமனே வைத்தால் அது பொம்மை. பக்கத்தில், அதே காமிராவில் எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டு வையுங்கள். அடியில் ஒரு சீட்டில் எந்த வருஷம் வாங்கியது, யார் வாங்கியது, யார் கையில் இருந்தது என்று எழுதுங்கள். வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள்: எல்லாரும் இருப்பார்கள், படம் எடுத்தவர் மட்டும் இருக்கமாட்டார். அவர் பெயர் அந்தச் சீட்டிலாவது இருக்கட்டும்!